கைக்கோடாரி செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு: கல், காசு, காயம், காகிதம்

பழைய கற்காலத்துக் கைக்கோடாரி ஒன்றை, அதாவது காம்பில்லாமல் அப்படியே கையில் பிடித்துப் பயன்படுத்தும், இரு முகமும் செதுக்கிய கல் கருவி ஒன்றை, என் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கையில் பிடிக்கும்படி ஒன்று வந்து சேர ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆயின. அதற்குள் ஏறத்தாழ நூறு கிலோ கல்லை வீணாக்கியாயிற்று. இடது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல். கீழ் வீட்டுக்காரர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இணையத்தில் இதைச் சொல்லித்தரும் காணொளிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவர்கள் எல்லோரும் தீக்கல்லையும் மான் கொம்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் முதலாவது கிடைக்காது, இரண்டாவதை வைத்திருந்தால் வழக்கு வரும். நம் ஊர்க் கல்லை வைத்து, நம் ஊர்ச் சட்டத்துக்குள், மொட்டைமாடியில் எப்படிச் செய்வது என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குப் பாதிக் கல் மிஞ்சியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

1. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

படத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். படத்தில் கைக்கோடாரி தட்டையாகத் தெரியும், நீங்களும் தட்டையாக ஒன்றைச் செய்யப் பார்ப்பீர்கள். நேரில் பார்த்தால்தான் அதன் பருமன் புரியும். பிடிக்கும் பக்கம் எவ்வளவு தடிப்பாக, பல நேரம் ஆற்றுக் கல்லின் பழைய தோலோடேயே விடப்பட்டிருக்கிறது என்பது எனக்கு நேரில் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் முதல் முறை போனது வெள்ளிக்கிழமை. 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடாரியைக் கண்டெடுத்த ஆங்கிலேய நிலவியலாளர் புரூஸ் ஃபூட் திரட்டிய கருவிகள் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. இன்னும் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பூண்டிக்குப் போங்கள். திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அதிரம்பாக்கம், குடியம் குகை எல்லாம் அந்த வட்டாரம்தான். அதிரம்பாக்கத்தில் மிக அடியில் கிடைத்த கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பயன்பட்ட கல் குவார்ட்சைட், அதாவது மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி உருவான கடினமான கல். நாமும் அதையேதான் உடைக்கப் போகிறோம்.

போகும்போது ஒரு ஸ்கேல், ஒரு நோட்டுப் புத்தகம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே ஒவ்வொரு கருவியையும் பக்கவாட்டில் வரையுங்கள். மேலிருந்து வரையாதீர்கள், பக்கவாட்டில்.

2. கல் வாங்குவது, கல்லைத் தொடாமல் விடுவது

தொடாமல் விடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூண்டிப் பக்கம் நடந்தால் தரையிலேயே கற்கருவிகள் கிடக்கலாம். எடுக்காதீர்கள். “ஒன்றே ஒன்று, நினைவுக்கு” என்றும் எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு கருவி எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி முழுக்க இருக்கிறது. உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். பழையது என்று சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் இருக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

அதைவிட மோசமான காரியம், அங்கே கிடக்கும் பழைய கருவியையே பயிற்சிக்கு உடைப்பது. செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் கல்லுக்கு எங்கே போவது? ஆற்றில் மூட்டை மூட்டையாக அள்ளுவது சிறுகனிம விதிகளின் கீழ் வரும், அந்த வம்பு வேண்டாம். தோட்டத்துக்கு அழகுக் கல் விற்கும் நர்சரிக் கடைகளில் கூழாங்கல் மூட்டை கிடைக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது எதற்கு என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

நான் போன கடையில் நடந்த பேச்சு:

“எத்தனை மூட்டை சார்? தோட்டத்துக்கா, மீன் தொட்டிக்கா?”

“உடைக்கிறதுக்குங்க.”

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “உடைச்ச கல்லே இருக்கு சார், ஜல்லி. விலை இதுல பாதிதான்.”

ஜல்லி ஆகாது. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் கருங்கல், கிரானைட் வகைகள் எல்லாம் பெரிய பெரிய படிகங்களின் கூட்டு. அடித்தால் அந்தப் படிகங்களின் எல்லை வழியே தாறுமாறாக உடையும். கூர்மை வராது. நமக்கு வேண்டியது உள்ளே ஒரே சீராக இருக்கும் கல், கண்ணாடி உடைவதைப் போல வளைவாகப் பிளக்கும் கல்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று.

மண்பானை வாங்கும்போது செய்வீர்களே, அதே போல இன்னொரு கல்லால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் எடுங்கள். டொக்கென்று வந்தால் உள்ளே விரிசல், வைத்துவிடுங்கள். பத்தில் நான்கைந்து இதிலேயே கழிந்துவிடும்.

அடுத்து, ஒரு பழைய கண்ணாடித் துண்டில் கீறிப் பாருங்கள். குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறும். கடைகளில் பளபளவென்று இருக்கும் வெள்ளைக் கூழாங்கல் பல நேரம் பளிங்கு, அது கீறாது. சந்தேகமாக இருந்தால் கல்லைச் சுரண்டி அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் பளிங்கோ சுண்ணாம்புக் கல்லோதான். என் முதல் மூட்டை முழுக்கப் பளிங்கு. இப்போது அது துளசி மாடத்தைச் சுற்றி அழகாக இருக்கிறது.

மூன்றாவது, கடைக்காரரிடம் கேட்டு ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கற்கண்டுக் கட்டியை உடைத்தது போல, ஆனால் அதைவிடப் பொடியான மினுமினுப்போடு இருக்க வேண்டும். சர்க்கரைப் பாகில் செய்த உருண்டையைப் போல உதிர்ந்தால் வேண்டாம்.

உருவத்தையும் கவனியுங்கள். உருண்டைக் கல் வேண்டவே வேண்டாம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக, ஓரம் மெலிந்து வரும் கல்லாகப் பொறுக்குங்கள். ஏன் என்பது ஐந்தாவது படியில்.

3. சாமான்களும் செலவும்

ஆரம்ப மாதங்களில் எனக்கு ஆனது இது:

- கூழாங்கல், 40 கிலோ: ₹900
- பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி: ₹180
- வெட்டுத் தாங்கும் கையுறை: ₹350
- என்-95 முகக்கவசம், பத்து: ₹250
- தார்ப்பாய்: ₹400
- பழைய உலக்கை, இரும்புக் கடையில்: ₹120

மொத்தம் ₹2,200. விரல் தையலுக்குத் தனியார் மருத்துவமனையில் ₹2,600 ஆனது. கையுறையை அதற்கு அடுத்த நாள்தான் வாங்கினேன்.

சுத்தியல் கல் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதே மூட்டையிலிருந்து வரும். முட்டை வடிவத்தில், அரைக் கிலோ சுமாரில், கையில் வழுக்காமல் உட்காரும் மூன்று கற்களை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். எடை குறைந்தால் சில்லு கிளம்பாது. எடை கூடினால் குறி தப்பும். இதற்குக் கருங்கல் கூழாங்கல்லும் சரிதான். சுத்தியல் கல்லும் உடையும், அதனால் மூன்று. இரும்புச் சுத்தியல் வேண்டாம். கல்லை நொறுக்கிவிடும், அப்புறம் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது.

தொடைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பழைய தோல் பை ஒன்றைப் பிரித்து இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். கிழிந்த லாரி டியூப் துண்டும் நன்றாக உதவும்.

4. கண், மூச்சு, விரல், அக்கம்பக்கம்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

குவார்ட்சைட் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். அது நுரையீரலில் தங்கினால் வருவது சிலிக்கோசிஸ், அதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. குஜராத்தில் காம்பத் ஊரில் அகேட் கல்லை உடைத்து மணி செய்யும் தொழிலாளர்களுக்கும், இங்கிலாந்தில் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குத் தீக்கல் உடைத்துக் கொடுத்தவர்களுக்கும் இதே நோய்தான் வந்தது. வாரம் ஒரு மணி நேரம் உடைக்கிற உங்களுக்கும் எனக்கும் ஆபத்து அவர்களுடையது போல இராது. ஆனாலும் அறைக்குள் உடைக்காதீர்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். முகக்கவசம் கட்டாயம். முடித்ததும் துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து வழித்தெடுங்கள். அந்தத் துணியோடு கட்டிலில் போய் விழாதீர்கள். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தால் அன்றைக்கு வேலையை ஒத்திப் போடுங்கள், எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு “ஒரே ஒரு அடி” என்று அடிக்கும்போதுதான் சில்லு கண்ணுக்கு வரும். குழந்தைகள் இருந்தால் பத்தடியாவது தள்ளி உட்காரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் கண்ணாடி போடுங்கள்.

கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது என்று நினைவில்லாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொண்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

நேரம்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை முதல் எட்டரை வரை. மதியத் தூக்க நேரத்தில் கல் உடைத்ததால்தான் எனக்குக் கீழ் வீட்டோடு பேச்சு நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். முழங்கை வலி பிடித்தால் ஒரு மாதம் விடாது.

5. முதல் சில்லு

இங்கேதான் நான் நான்கு மாதத்தைத் தொலைத்தேன். பலமாக அடித்தால் உடையும் என்று நினைத்தேன். உடையத்தான் உடைந்தது, இரண்டாக, மூன்றாக, பொடியாக. சில்லு மட்டும் வரவில்லை. சில்லு என்றால் தாய்க்கல்லிலிருந்து மெலிதாகப் பெயர்ந்து வருவது, பிளேடு போன்ற ஓரத்தோடு.

ஒரு நாள் தெருவில் அம்மி கொத்துகிற அம்மா ஒருவர் வந்தார். வாசலில் நான் கல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து நின்றார்.

“என்ன தம்பி பண்றே?”

சொன்னேன். சிரித்தார். என் கையிலிருந்த கல்லை வாங்கி மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினார். “இந்தப் பக்கம் பாரு, சுவரு மாதிரி நிக்குது. இங்க எவ்ளோ அடிச்சாலும் கல்லுதான் நோவும். இந்தப் பக்கம் தொந்தி தள்ளியிருக்கு, அது இன்னும் மோசம். இந்தா, இங்க பாரு, கூரை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு அடியில உள்ள வாங்கியிருக்கு. இங்க அடி. நடுவுல போடாதே, ஓரத்துல போடு.”

அவருடைய தொழில் உளி வைத்துக் கொத்துவது, சில்லு எடுப்பதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் நான் படித்த எல்லாமும் அந்த நான்கு வாக்கியத்தில் இருந்தன. அன்றைக்குப் பத்தாவது அடியில் எனக்கு முதல் சில்லு வந்தது.

அவர் சொன்னதைக் கணக்காகச் சொன்னால் இப்படி. நீங்கள் அடிக்கும் மேல் முகத்துக்கும், சில்லு பெயர வேண்டிய பக்க முகத்துக்கும் நடுவில் உள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதுதான் கூரை. சரியாக 90 என்றால் சுவர். அதற்கு மேல் போனால் தொந்தி. அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை உள்ளே கூம்பு போல விரிந்து போகும். ஜன்னல் கண்ணாடியில் சின்னக் கல் பட்டால் மறுபக்கம் கூம்பாகப் பெயர்ந்திருக்குமே, அதே விஷயம். கூரை விளிம்பில் அடித்தால் அந்தக் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் கல்லுக்குள் ஓடி, பக்க முகத்தை உரித்துக்கொண்டு வெளியே வரும். உருண்டைக் கல் முழுக்கத் தொந்திதான். அதனால்தான் தட்டைக் கல் வாங்கச் சொன்னேன்.

செய்முறை:

தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். தாய்க்கல்லை இடது கையில் பிடித்து, தோல் போட்ட இடது தொடையின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். கூரை விளிம்பு மேலே, வலப் பக்கம் பார்த்து இருக்கட்டும். இடது கை விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சில்லு கீழ்ப் பக்கமாகப் பெயர்ந்து வரும், அந்த வழியில் விரல் இருந்தால் அறுக்கும். எனக்கு அறுத்தது அப்படித்தான். வலி கூடத் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடிப்பதற்கு முன் சொரசொரப்பான வேறு கல்லால் விளிம்பை நாலைந்து முறை தேய்த்து மழுக்குங்கள். கூர்மை வேண்டும் என்று வந்துவிட்டு ஏன் மழுக்க வேண்டும் என்று தோன்றும். மெல்லிய விளிம்பு அடியைத் தாங்காமல் பொடியாகிவிடும், விசை உள்ளே போகாது. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுகிற வேலை இது.

இப்போது விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். கண் அந்தப் புள்ளியில் இருக்கட்டும், சுத்தியல் கல்லைப் பார்க்காதீர்கள். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடும்போது கை எப்படி வீசிக்கொண்டு போகுமோ, அப்படிக் கை புள்ளியைத் தொட்டுத் தாண்டிப் போக வேண்டும். பட்டதும் நிறுத்தினால் சில்லு பாதியில் ஒடிந்துவிடும். தேங்காய் உடைப்பது போல நேர்க் கீழே போடாதீர்கள்.

சரியாக விழுந்தால் சத்தமே வேறு மாதிரி இருக்கும். தட்டென்ற சத்தத்துக்குப் பதில் சிலீரென்று ஒன்று கேட்கும். உடனே கையைத் திறந்து பாருங்கள், தோல் மேல் ஒரு சில்லு கிடக்கும்.

6. வந்தது சில்லுதானா?

சில்லைப் புரட்டி உள் முகத்தைப் பாருங்கள். அடி விழுந்த இடத்துக்குக் கீழே லேசான புடைப்பு இருக்கும். அங்கிருந்து குளத்து நீரில் கல் போட்டாற்போல அலைகள் ஓடியிருக்கும். குவார்ட்சைட்டில் இவை மங்கலாகத்தான் தெரியும், வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தாய்க்கல்லில் இதற்கு மறுபடியாக ஒரு குழிவு இருக்கும். சில்லை அதன் மேல் வைத்தால் மூடி போலப் பொருந்தும்.

சில்லின் முனை கூராக முடியாமல் படிக்கட்டு போல ஒடிந்திருந்தால் அடியின் வேகம் போதவில்லை, அல்லது கையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முனை உருண்டு சுருண்டிருந்தால் பெரும்பாலும் அடி வெளிப்பக்கம் பார்த்துப் போயிருக்கிறது. எதுவானாலும் அதே இடத்தில் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். படிக்கட்டு மேல் படிக்கட்டு ஏறி, அந்த முகமே பாழாகும். கல்லைத் திருப்பி வேறு விளிம்பு தேடுங்கள்.

முதல் நல்ல சில்லை எடுத்துப்போய் ஒரு தக்காளியை வெட்டிப் பாருங்கள், அப்புறம் கோழித் தோலை. எங்கள் வீட்டுக் கத்தியைவிட நன்றாக வெட்டியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கோனா என்ற இடத்தில் கிடைத்த 26 லட்சம் ஆண்டுப் பழைய கருவிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சில்லுகளும் அவை பெயர்ந்த தாய்க்கற்களும்தான். அதனால் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நீங்கள் கற்கருவி செய்துவிட்டீர்கள்.

7. கைக்கோடாரி

ஐம்பது சில்லாவது எடுத்த பிறகு இதற்கு வாருங்கள். எனக்கு அது மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெரிய பாறைக் கல்லிலிருந்து ஒரு பெரிய சில்லைப் பெயர்த்து அதைக் கைக்கோடாரியாகச் செதுக்கினார்கள். நமக்கு அந்த அளவுக்குக் கல்லும் இல்லை, தோளும் இல்லை. 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம், நான்கைந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள தட்டைக் கூழாங்கல் போதும்.

கல்லின் ஓரத்தைச் சுற்றி, தடிப்பின் சரிபாதியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முடிவில் கூர் வரவேண்டிய இடம் அந்தக் கோடு. பிடிக்கப்போகும் பக்கத்துக்குக் கோடு வேண்டாம், அது தடிப்பாகவே இருக்கட்டும்.

ஒரு பக்கம் ஒரு சில்லு எடுங்கள். கல்லைப் புரட்டுங்கள். இப்போது எடுத்த குழிவையே மேல் முகமாக வைத்து அதன் மேல் அடித்து, மறுபக்கம் ஒரு சில்லு எடுங்கள். மறுபடி புரட்டுங்கள். இப்படியே அடி, புரட்டு, அடி, புரட்டு என்று ஓரத்தைச் சுற்றி நகருங்கள். ஒரு சுற்று முடிந்தால் ஓரம் பாம்பு நெளிவது போலப் போகும். அது சரிதான், பயப்படாதீர்கள்.

இரண்டாவது சுற்றில்தான் கவனம் வேண்டும். அடிக்கும் புள்ளி நடுக்கோட்டுக்குக் கீழே, அதாவது சில்லு பெயரப்போகும் முகத்தின் பக்கமாக இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் சில்லு குட்டையாக ஒடியும், கல் மெலியாது. புள்ளி கீழே இல்லையென்றால் முதலில் எதிர்ப்பக்கம் சின்னச் சின்னதாகத் தட்டி விளிம்பைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், தேய்த்து மழுக்குங்கள், அப்புறம் அடியுங்கள். நல்ல கைக்கோடாரிக்காரர் அடிப்பதைவிடத் தேய்ப்பதும் திருப்பிப் பார்ப்பதும்தான் அதிகம்.

முந்தைய இரண்டு குழிவுக்கு நடுவில் நிற்கும் மேட்டுக்கு நேராக அடியுங்கள். சில்லு அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு தூரம் ஓடும். பள்ளத்துக்கு நேராக அடித்தால் அகலமாகக் கிளம்பிச் சீக்கிரம் செத்துவிடும்.

விழக்கூடிய பள்ளங்கள்:

ஓரத்தைக் கூராக்குகிறேன் என்று பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பு செங்குத்தாகிக்கொண்டே போகும், கூரை சுவராகும், சுவர் தொந்தியாகும். அதற்கு மேல் அந்தக் கல்லில் எதுவும் எடுக்க முடியாது. என் அலமாரியில் இப்படி ஆமை போலக் குந்தியிருக்கும் கற்கள் ஏழு இருக்கின்றன.

முனையைத் தொங்கவிட்டு அடிப்பது. பாதிக்கு மேல் வேலை முடிந்த கல், அடி விழாத இடத்தில் குறுக்கே இரண்டாக ஒடியும். அதிர்வு தாங்காததுதான் காரணம். முனையையும் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே அச்சாக வர வேண்டும் என்று அடம் பிடிப்பது. எழும்பூரில் போய் மறுபடி பாருங்கள், கோணல்மாணலானவை எத்தனை என்று.

நெருப்பில் சுட்டால் கல் இளகும் என்று படித்துவிட்டு அடுப்பில் வைப்பது. தென்னாப்பிரிக்காவில் பினக்கிள் பாயின்ட் குகையில் சில்கிரீட் என்ற கல்லை அப்படிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். அது வேறு கல், வேறு பக்குவம். ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் ஈரம் இருந்தால் நெருப்பில் வெடிக்கும்.

8. மான் கொம்புக்குப் பதில் உலக்கை

கடைசியாக ஓரத்தை மெலிதாக்க மென்மையான சுத்தியல் வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் மான் கொம்பு என்பார்கள். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. புள்ளிமான், கடமான் கொம்பை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். தானாக உதிர்ந்தது, தாத்தா காலத்தது என்றெல்லாம் சொல்லி ஒருவர் விற்க வந்தால் விலகிப் போங்கள்.

நான் பயன்படுத்துவது பழைய உலக்கை. பூண் கழன்ற புளிய மர உலக்கையை ஒரு முழத்துக்கும் குறைவாக அறுத்து வாங்கிக்கொண்டேன். பல வருடம் நெல் குத்தி இறுகிய கட்டை. கல்லைப் போல ஒரு புள்ளியில் குத்தாமல், விளிம்பைக் கொஞ்சம் கவ்விப் பிடித்து உரிக்கும். சில்லு மெலிதாக, அகலமாக வரும். குவார்ட்சைட் முரட்டுக் கல் என்பதால் மூன்று அடிக்கு ஒன்றுதான் பலிக்கும். காம்பத் தொழிலாளர்கள் எருமைக் கொம்புச் சுத்தியல் வைத்திருப்பார்கள். எனக்கு அது கைக்கு வரவில்லை.

இதற்கு அடுத்து லெவலுவா என்றொரு முறை உண்டு. எடுக்கப்போகும் சில்லின் வடிவத்தைத் தாய்க்கல்லிலேயே முன்கூட்டிச் செதுக்கிவைத்து, ஒரே அடியில் பெயர்த்தெடுப்பது. அதிரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுக்கு முன்பே அந்த வகை வேலை தொடங்கியிருக்கிறது. முதல் வருடத்தில் அதன் பக்கமே போகாதீர்கள்.

9. தேதி, ரசீது, சான்றிதழ்

விளையாட்டாகச் செய்கிற காரியத்துக்குக் காகிதம் எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். உறவினர் ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது நான் செய்த கைக்கோடாரியைப் பரிசாகக் கொடுத்தேன். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லி, இது தொல்பொருளா என்று கேட்டிருக்கிறார்கள். என்னை அழைத்துக் கேட்டால் நான் என்ன சொல்வது? நான் செய்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதனால்:

ஒவ்வொரு கருவியிலும் பெயரெழுத்தும் தேதியும் அழியாத மையில் எழுதுங்கள். கீறல் பேனா இருந்தால் இன்னும் நல்லது. பிடிக்கும் பக்கத்தில், எளிதில் கண்ணில் படும்படி.

நோட்டில் ஒரு பக்கம்: கல் வாங்கிய கடை, ரசீது எண், ஆரம்ப எடை, முடிந்த எடை, ஆன நேரம், முன்னும் பின்னும் ஒரு படம். இது சட்டத்துக்கு மட்டுமல்ல. எந்தக் கடைக் கல் சரியாக வருகிறது என்று எனக்குத் தெரிந்ததே இந்த நோட்டால்தான். 1.4 கிலோவில் தொடங்கிய கல் 600 கிராமில் முடிந்தால் நல்ல வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்குங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பொருளை ஆராய்ந்த பிறகே தருவார்கள், படங்கள் கேட்பார்கள். எத்தனை நாள் ஆகும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பயணத்துக்குப் போதிய காலம் முன்பே கொடுத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், கூர்மையான பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

விற்பதானால் “நவீன மாதிரி” என்று எழுதிக் கொடுத்து விற்கலாம். பழையது என்று யாராவது விற்றால் அது ஏமாற்று வேலை. உங்கள் கல் அப்படிக் கைமாறக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் தேதி.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் எக்ஸிட்டரில் மாணவர்களைக் கைக்கோடாரி செய்யப் பழக்கிய ஆய்வில் ஒவ்வொருவரும் சராசரியாக நூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுத்தார்கள், அதுவும் பக்கத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு. வாரம் ஒரு மணி நேரம் என்ற என் கணக்கில் வந்தது கைக்கோடாரி என்றே சொல்ல முடியாது, அதன் பக்கத்து வீட்டுக்காரர்.

10. கழிவை எங்கே போடுவது

ஒரு கைக்கோடாரிக்கு நூற்றுக்கணக்கில் சில்லும் பொடியும் விழும். தார்ப்பாயோடு சுருட்டி எடுங்கள். குப்பைப் பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். காலி மனையிலும் ஏரிக்கரையிலும் கொட்டினால், நாளைக்கு அங்கே ஆய்வு செய்ய வருகிறவர் உங்கள் சில்லைப் பழைய கற்காலம் என்று எடுத்துப் போகக்கூடும். வல்லுநர்களே குழம்புவார்கள், கல்லின் உடைப்பில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

சொந்த இடத்தில், செருப்பில்லாமல் யாரும் நடக்காத மூலையில் இரண்டடி ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். கூடவே இந்தக் காலத்துப் பொருள் ஒன்றையும் போடுங்கள், பின்னால் தோண்டுகிறவர் ஏமாறாமல் இருக்க. நான் தேதி தெரியும்படி ஓர் ஐந்து ரூபாய் நாணயம் போடுகிறேன். நாணயம் போட மனம் வரவில்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி நாலைந்து போதும்.